கிணத்தடி மீன் கிடங்கு

ஆவணி 8, செவ்வாய்

வெயில். காத்து. கிணத்துத் தண்ணி இன்னும் இறங்கீட்டுது. துலாக்கயிறு எட்டாமல் முடிச்சுப் போட்டு நீட்டினது. முழங்கால் குத்து.

மீன்காரச் சாலி முல்லைத்தீவில இருந்து சைக்கிளில வந்தவன். கடல் மீன், சூடையும் கீரியும். கண் குழிஞ்ச மீன். வேண்டிக் கழுவி அடுப்பில வைச்சதுதான், மருமகள் பூமணி வேலிக்கரைக்கு ஓடீட்டாள். ஓங்காளிச்சுச் சத்தி. அஞ்சாம் மாதம் நடக்குது, இன்னும் நிக்கேல்லை. கன்னம் ஒட்டிக் கிடக்கு. பகல் முழுக்கத் தேத்தண்ணியும் ஒரு துண்டு ஊறுகாயும்.

மகன் இராசன் வயலால வந்து கேட்டான், "என்னணை செய்யிறது?" எனக்குத் தெரிஞ்சால் சொல்லாமல் விடுவனோ?

சம்பந்திக்காரி லொறிக்காரனிட்டச் சொல்லி விட்டிருக்கிறா. (இனிச் சம். எண்டு எழுதுறன். முழுக்க எழுதக் கை வராது.) தீபாவளிக்கு முதல் வந்து பூமணியை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போவாவாம். பேறு அங்கதானாம்.

முதல் பேறும் அங்கதானே. முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழிக்க முதல் பெட்டைக்குஞ்சு போச்சு. செத்தவீட்டு முத்தத்தில, பச்சைக்கரைச் சீலையோட நிண்டு, எனக்குக் கேக்கச் சம். சொன்னவா: "வன்னித் தண்ணியும் வன்னிச் சோறும் திண்டு வந்த உடம்பு. பால் எங்கால சுரக்கும்?" எட்டுப் பேர் நிண்டவை. எட்டுப் பேற்ற பேரும் சொல்லுவன். ஒருத்தரும் வாய் திறக்கேல்லை.

இந்தமுறை அவள் அங்க போனால் இராசனும் பின்னால போவான். காணியை ஆருக்கெண்டாலும் குத்தகைக்கு விடுவான். காடு வெட்டி, காய்ச்சல் காய்ஞ்சு, அவன்ர தேப்பனைப் புதைச்ச நிலம். நான் இந்த வீட்டுக்குள்ள தனியச் சுருண்டு கிடக்கவேண்டியதுதான்.

ஆவணி 11, வெள்ளி

கோயிலுக்குப் போகேல்லை. முழங்கால்.

செவ்வாய் சாலி சொன்ன கதை மண்டைக்குள்ள நிக்குது. "ஆச்சி, கல்மடுக்குளம் வத்துது. ஜப்பான் மீன் குவியுது. உயிரோட கொண்டந்து தாறன், பிள்ளைக்குக் குடுத்துப் பாருங்கோ."

"சேத்து நாத்தம். ஆர் தின்னுறது?"

"நாங்கள் தின்னுறம், சாகேல்லையே. சாம்பல் போட்டு உரஞ்சிப் புளித்தண்ணியில கழுவுங்கோ. பிறகு சொல்லுங்கோ."

அரசாங்கம் எங்கையோ வெளிநாட்டில இருந்து கொண்டந்து குளங்களில விட்ட மீனாம். கடல் மீன் திண்டு வளந்த எங்கட சனம் இதை ஏறெடுத்தும் பாக்காது. நானும் பாத்ததில்லை. கேட்டுப் பாப்பம்.

ஆவணி 15, செவ்வாய்

சாலி தண்ணி விட்ட தகரத்துக்குள்ள மூண்டு மீன் கொண்டந்தவன். துடிப்பு. நானே வெட்டினன். சாம்பல், புளி, உப்பு, திருப்பியும் சாம்பல். மஞ்சளும் மிளகும் போட்டுத் தண்ணிக்கறி. தேங்காய்ப்பால் கொஞ்சம்.

பூமணி மோந்து பாத்தாள். ஒரு வாய் வைச்சாள். பிறகு கோப்பை வழிச்சுத் திண்டாள். சத்தி இல்லை. பின்னேரம் வரை பாத்துக்கொண்டிருந்தன், இல்லை.

எனக்கு மிஞ்சேல்லை. பறவாயில்லை.

ஆனால் பேறு தையில. மாரி துவங்கினால் குளம் நிரம்பும், மீன் ஆருக்கும் பிடிபடாது. முல்லைத்தீவுப் பாதையும் வெள்ளம். சாலி சைக்கிளைத் தலையில வைச்சுக்கொண்டோ வாறது. பிள்ளை பெத்து, பால் சுரக்கிற நேரம் பாத்து ஒரு மீன் துண்டு இருக்காது. சம். சொன்னதுதான் நடக்கும். வன்னிச் சோறு.

இராசனிட்டச் சொன்னன், கிணத்தடியில ஒரு கிடங்கு வெட்டு எண்டு. இப்ப மலிவா உயிரோட வேண்டி விட்டால் மாரி முழுக்கக் கையால அள்ளலாம்.

"விசரோ அம்மா?" எண்டான். வெட்டுவான்.

ஆவணி 19, சனி

விசாரிச்சது:
— ஆழம் இடுப்பளவு காணும். இன்னும் தோண்டினால் கிணத்து ஊத்துத் தண்ணியை அது இழுத்துப்போடும். (சாலி)
— நிழல் வேணும். வாழைப் பக்கம் நல்லது.
— தவிடு, சோத்துக்கஞ்சி, சாணி. சாணிதான் பாசி பிடிக்கும், பாசியைத் திண்டு வளருமாம்.
— சவுக்காரத் தண்ணி மட்டும் படக்கூடாது. சாலி ரெண்டுதரம் சொன்னவன்.
— விரால் ஒண்டு தவறி விழுந்தாலும் மிச்சத்தை முடிச்சுப்போடும். பாத்து விடவேணும்.
— கொக்கு, மீன்கொத்தி. மேல கிடுகு.
— சீமெந்து பூசினால் ஒழுகாது.

சீமெந்துக்கு எங்க போறது. பின்வளவு வல்லிபுரம் வேலிக்கு மேலால எட்டிப் பாத்து, "அரைப் பை கிடக்கு, மாமி, தரட்டே?" எண்டான். வாய்க்கால் வேலையில உருவினது. என்ர முறைத் தண்ணியை மூண்டு போகம் தன்ர வயலுக்குத் திருப்பினவன், இப்ப மாமியாம். வேண்டாம் எண்டன். அவன்ர கையால ஒரு கடுகும் வேண்டாம்.

இராசன் விடியப்பறம் வயலுக்குப் போக முதல் வெட்டுறான். மண் கல்லு மாதிரி. வாய் திறக்கிறானில்லை. தேப்பன் மாதிரி.

ஆவணி 24, வியாழன்

நேற்றுக் கிடங்கு முடிஞ்சுது. நீளத்துக்குப் பாய் ரெண்டு விரிக்கலாம், அகலத்துக்கு ஒண்டு. துலாவால அள்ளி அள்ளி நிரப்பினம். நான் பாதி, இராசன் பாதி. பூமணி கயிறு பிடிக்க வந்தவள், கலைச்சன்.

இரவு நல்ல நித்திரை. விடியப் பாத்தால் வெறும் சேறு. ஒரு சிரட்டை தண்ணி இல்லை.

ஊரில கிணறு வெட்டினால் சுண்ணாம்புக்கல்லுத் தெரியும், எங்க நிக்கும் எங்க ஓடும் எண்டு. இங்கத்தை மண்ணை இத்தினை வருஷமாகியும் எனக்குப் பிடிபடேல்லை.

வல்லிபுரம் வேலியால: "சீமெந்து கிடக்கு எண்டனானே." பாக்காத மாதிரி நிண்டன்.

ஆவணி 27, ஞாயிறு

புத்துமண். நானே யோசிச்சது, ஆரும் சொல்லேல்லை. நெல்லுக்குதிர் மெழுகுறது புத்துமண்ணும் சாணியும் தானே, எறும்பு கூட நுழையாது. அதுக்குள்ளால தண்ணி மட்டும் எப்பிடி நுழையும்?

இராசன் காட்டுக்கரையில ஆளில்லாப் புத்து ரெண்டை வெட்டி வண்டிலில கொண்டந்தான். கும்பிட்டிட்டுத்தான் வெட்டினவன். தண்ணி விட்டுக் குழைச்சு, எருமை ரெண்டையும் கிடங்குக்குள்ள இறக்கி மிதிக்க விட்டம். எருமைக்குச் சந்தோசம், ஏற மாட்டன் எண்டு படுத்திட்டுது. பூமணி சிரிச்சாள். எவ்வளவு நாளைக்குப் பிறகு. பல்லுத் தெரிஞ்சுது.

பிறகு நான் கையால சாணி மெழுகினன். முதுகு இப்ப இல்லை.

புரட்டாதி 3, ஞாயிறு

நிக்குது. தண்ணி நிக்குது. நாலு நாளாக் கோல் வைச்சுப் பாத்தன், வெயில் குடிச்சது மட்டும்தான் குறைவு.

சாலி ரெண்டு தகரம் கொண்டந்து விட்டவன். உள்ளங்கை அளவும் அதுக்குக் கொஞ்சம் கூடவும். செத்தது நாலைஞ்சு. மிச்சம் அடியில போய் ஒளிச்சிட்டுது. தவிடு போட்டன், வரேல்லை. பின்னேரம் வந்து சாப்பிட்டுது. வாயை வாயைத் திறந்துகொண்டு.

சாலி காசு பிறகு தாங்கோ எண்டவன். "பேரன் பிறந்தால் கற்கண்டு தாங்கோ, ஆச்சி." நல்லவன். இவன்ர தேப்பன் ஒருக்கால் எனக்குப் பழசான பாரை மீன் வித்தவர், அதை மறக்கேல்லை, எண்டாலும் இவன் நல்லவன்.

இனி மாரி வாறவரைக்கும் கிடங்கில கை வைக்கிறேல்லை.

புரட்டாதி 11, திங்கள்

மழை இல்லை. மேகம் வந்து பாத்திட்டுப் போகுது. கிடங்கு பாதியாப் போச்சு. கிணத்திலையும் கலங்கல். ஒரு நாளைக்கு இருவது பட்டை தண்ணி அள்ளி ஊத்திப் பாத்தன், முழங்கால் வீங்கி நடக்கேலாமல் போச்சு. இராசனுக்கு வயல் உழவு.

பாத்துக்கொண்டிருக்கக் கண்ணில பட்டுது: குளிக்கிற தண்ணி எல்லாம் வாழைக்கு ஓடுது. வாழைக்கு என்ன அவசரம். மண்வெட்டியால வாய்க்காலை வெட்டி, கிடுகுக்குக் கீழால, கிடங்குக்குத் திருப்பி விட்டன். காசும் இல்லை, சுமக்கவும் வேண்டாம்.

சவுக்காரம் இனிக் கிணத்தடியில இல்லை எண்டு எல்லாருக்கும் சொல்லியாச்சு. உடுப்புத் தோய்க்கிறது வாய்க்காலில. தலைக்கு எலுமிச்சங்காய், இலுப்பம் பிண்ணாக்கு. எங்கட அம்மா ஆக்கள் இதுகளோடதானே இருந்தவை. இராசன் முணுமுணுத்தான். "மீன் ராசாவுக்கு நாங்கள் ஊத்தையோட நிக்கிறதோ?" நிக்கட்டும்.

புரட்டாதி 15, வெள்ளி

பின்னேர பஸ்ஸில சம். வந்து இறங்கீட்டா. சொல்லாமல் கொள்ளாமல். தீபாவளிக்கு இன்னும் எவ்வளவு கிடக்கு. ஒரு பெட்டி, ஒரு பனங்கட்டிக் குட்டான், வாசச் சவுக்காரம் ரெண்டு.

"மச்சாள், சுகமே?" எண்டவா.

"இருக்கிறம்."

பூமணியைப் பிடிச்சு வெளிச்சத்தில திருப்பித் திருப்பிப் பாத்தவா. "எலும்பும் தோலும். ஏன் பிள்ளை, இங்க என்ன திண்டனீ?"

"மாமி மீன் தந்தவா. குளத்து மீன்."

"குளத்து மீனோ!" முகத்தைச் சுழிச்சவா. அதே சுழிப்பு. பூமணியின்ர கலியாணத்தில நான் எடுத்துக் குடுத்த கூறைச் சீலைக்கும் அப்பிடித்தான் சுழிச்சவா.

நான் கிடங்கைக் காட்டேல்லை. இண்டைக்கு வெள்ளி, நாளைக்குப் புரட்டாதிச் சனி, மீன் இல்லை. ஞாயிறு விடியக் கிடங்கில மூண்டு அள்ளி, அவவுக்கு முன்னால வெட்டி, காய்ச்சி, பூமணி கோப்பை வழிக்கிறதை அவா பாக்கவேணும். பாத்திட்டுப் பஸ் ஏறட்டும்.

ஆனால் தானாத்தான் போய்க் கிடுகை நீக்கிப் பாத்திட்டு வந்தவா. "ஓ. நல்லாத்தான் ஓடுது" எண்டவா. ஓடிப்போய்க் கிடுகை இழுத்து மூடினன். அந்தக் கண்.

புரட்டாதி 16, சனி

எழுதத் தெம்பில்லை. எழுதாட்டில் பிறகு ஆளுக்கொரு கதை சொல்லுவினம்.

விடிய எல்லாருக்கும் விரத முழுக்கு. சம். வாசச் சவுக்காரத்தோட கிணத்தடிக்கு வந்தவா. "இங்க சவுக்காரம் போடுறேல்லை" எண்டன். "ஏன்?" "இங்கத்தை வழக்கம்." வேறை சொல்லேல்லை. இலுப்பம் பிண்ணாக்கு நானே நேற்று இடிச்சு, ஊறப்போட்டு, பெரிய சட்டி நிறைய வைச்சிருந்தன். அவவுக்கு முன்னால குறைவெண்டு இருக்கக்கூடாது. இராசனுக்கு எண்ணெய் முழுக்கு, நாலு கை அள்ளிப் போட்டான். பூமணிக்கு நான் தேய்ச்சன். சம்.க்கும் நானே தேய்ச்சுவிட்டன், விருந்தாளி எண்டு. நல்ல நுரை. மிச்சத்தையும் சட்டியோட கழுவி ஊத்தினன்.

மத்தியானம் காக்கைக்குச் சோறு வைக்கப் போனன். கிடுகுக்குக் கீழ வெள்ளையாத் தெரிஞ்சுது. நீக்கினால், மீன். வயிறு மேல. சிலது பக்கவாட்டில சுத்துது, வாயை மேல வைச்சுக்கொண்டு. மிச்சம் எல்லாம் மிதக்குது.

கத்தினன். என்ன கத்தினன் எண்டது முழுக்க ஞாபகம் இருக்கு, எழுதமாட்டன். கண்ணூறு எண்டன். பிள்ளையையும் இப்பிடித்தான் பாத்துப் பாத்துத் திண்டனீங்கள் எண்டன். இதை எழுதவேணும், சொன்னது சொன்னதுதான்.

சம். தலைமயிர் விரிச்சபடி வந்து குந்தி, தண்ணியைக் கையில அள்ளி மோந்தவா. பிறகு வாய்க்காலைப் பாத்து, கிணத்தடியைப் பாத்து, கேட்டவா:

"மச்சாள், குளிச்ச தண்ணி வாழைக்குப் போறேல்லையோ?"

"கிடங்குக்குத்தான் விட்டனான்."

"இலுப்பம் பிண்ணாக்குத் தண்ணியையோ?"

"சவுக்காரம் ஆகாதெண்டு சொன்னவங்கள்."

"ஐயோ மச்சாள்! என்ர தமையன் கடற்கரைப் பள்ளத்தில தண்ணி வத்தேக்க இதைத்தானே கரைச்சு மீன் எடுக்கிறவர். மயங்கிக் கிளம்பும்." பிறகு சொன்னவா, "நான் சவுக்காரத்தோடதானே வந்தனான்."

சிரிக்கேல்லை அவா. சிரிச்சிருந்தால் எனக்குச் சுகம்.

இராசன் கேட்டான், சாப்பிடலாமோ எண்டு. சம். சொன்னவா, மனுசருக்கு ஒண்டும் செய்யாதாம், குடலை எடுத்து நல்லாக் கழுவினால் காணுமாம். ஆனால் ஆர் சாப்பிடுறது? புரட்டாதிச் சனி. நாங்கள் மூண்டு பேரும் விரதம், மீன் தொடவும் ஏலாது. இந்த வெயிலில விட்டால் பின்னேரத்துக்குள்ள நாறும். இராசன் மண்வெட்டியை எடுத்தான், தாட்டுவிட.

பூமணி அரிவாளையும் பலகையையும் கொண்டுவந்து கிடங்குக்கரையில வைச்சிட்டு, மெல்ல இருந்தாள். "வயித்துப் பிள்ளைக்காரிக்கு விரதமில்லை" எண்டாள். "அம்மாவும் மாமியும் அங்கால போங்கோ. மிச்சச் சண்டையை நான் இதை வெட்டி முடிச்சாப் பிறகு பிடியுங்கோ."

நான் அவளின்ர வாயில இருந்து இவ்வளவு நீளக் கதை கேட்டதில்லை.

முழுக்க வெட்டினாள். ஒவ்வொண்டாப் பிளந்து, கழுவி. நாங்கள் ரெண்டு பேரும் மாமரத்துக்குக் கீழ பசியோட, தலை விரிச்சபடி, ஒருத்தரை ஒருத்தர் பாக்காமல். பெரிசு ரெண்டை எடுத்துத் தானே காய்ச்சினாள். மணம் வருகுது. குசினி வாசலில இருந்து தனியச் சாப்பிட்டாள், சோறு ரெண்டாந்தரம் போட்டு. சம். பாத்துக்கொண்டிருந்தவா. நான் காட்ட நினைச்சதைத்தான் பாத்தவா. எனக்குச் சந்தோசம் வரேல்லை.

பூமணி சாப்பிட்டுக் கை கழுவி வர, சம். சொன்னவா, "பிள்ளை, திங்கள் பஸ்ஸுக்கு வெளிக்கிடுவம்."

"நான் வரேல்லை, அம்மா."

"இந்த மீனுக்காகவோ? ஊரில விடியவிடியக் கடல் மீன் வேண்டலாம்."

"மீனுக்காக இல்லை."

"மாமி சொல்லித் தந்தவாவோ?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. அந்த அறையில நான் படுக்கமாட்டன். அந்தக் கட்டிலில. எனக்கு ஏலாது." பிறகு நிலத்தைப் பாத்துக்கொண்டு சொன்னாள், "பால் இருந்தது, அம்மா. பிள்ளை குடிக்கேல்லை. பிறகும் எத்தினை நாள் பிழிஞ்சு சுவரில ஊத்தினனான். ஒருத்தரும் கேக்கேல்லை."

நான் வன்னிச் சோத்துக்கு வழக்குப் பேசிக்கொண்டு இவ்வளவு காலமும். அவா ஊர் மீனுக்கு. பிள்ளையைப் பெத்தவளிட்ட ஒருத்தரும் கேக்கேல்லைத்தான்.

சம். சீலைத் தலைப்பை வாயில வைச்சுக்கொண்டு கிணத்தடிக்குப் போனவா. வர நேரமாச்சு. நான் போய்ப் பாக்கேல்லை. கால் ஏலாது.

புரட்டாதி 17, ஞாயிறு

நல்ல வெயில். விரதம் முடிஞ்சுது, மீன் தொடலாம். நேற்றுப் பூமணி உப்பு அப்பி வைச்ச மீனை நானும் சம்.மும் கிடுகில பரப்பினம். அவா கடற்கரைப் பிறப்பு, கை நல்ல வேகம். முள்ளுப் பக்கம் கீழ எண்டவா, நான் மேல எண்டன். ரெண்டு விதமாவும் கிடக்கு.

காகம் கலைக்க ஒருத்தர் இருக்கவேணும். முறை போட்டு இருந்தம்.

"நல்லாக் காய்ஞ்சால் தை வரைக்கும் நிக்கும். மிளகும் உள்ளியும் போட்டுப் பிள்ளைப்பெத்தவளுக்குச் சரக்குக்கறி வைக்கலாம்" எண்டவா.

"ஓம்" எண்டன்.

அண்டைக்குச் செத்தவீட்டு முத்தத்தில சொன்னதை அவவும் எடுக்கேல்லை, நேற்றுச் சொன்னதை நானும் எடுக்கேல்லை. ரெண்டும் கிடக்குது.

புரட்டாதி 19, செவ்வாய்

சாலி வந்தவன். நடந்ததை இராசன் சொல்லிப்போட்டான். சாலி சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சு, பிறகு என்ர முகத்தைப் பாத்து நிப்பாட்டினவன். "சவுக்காரம் எண்டுதானே சொன்னனான், ஆச்சி. இதுவும் எண்டு சொல்ல எனக்கு ஏன் தோணேல்லை?" தன்னைத்தான் குறை சொல்லுறான். தண்ணியை மாத்த வேண்டாமாம். கொஞ்ச நாள் விட்டால் அந்தப் பிண்ணாக்கே பாசிக்கு உரமாப் போகுமாம். மழைக்குப் பிறகு வேறை மீன் தாறானாம்.

திங்கள் பஸ் போச்சு. சம். ஏறேல்லை. ஒருத்தரும் கேக்கேல்லை, அவவும் சொல்லேல்லை.

ஐப்பசி 4, புதன்

மழை. விடியப் பிடிச்சது விடேல்லை. கிடங்கு விளிம்பு வரை நிரம்பி நிக்குது. குளிக்கிற தண்ணியைத் திருப்பியும் வாழைக்கு விட்டாச்சு.

கருவாடு பானையில, அடுப்புக்கு மேல. பூமணிக்குக் கன்னம் கொஞ்சம் வந்திருக்கு. மருத்துவிச்சி வந்து பாத்து, தலை கீழதான் எண்டவா.

சம். மாசியிலதான் போவாவாம். பேறு முடிஞ்சு, முப்பத்தொண்டு கழிச்சு. இண்டைக்குத்தான் வாய் திறந்தவா. அதுவும் என்னட்ட இல்லை, இராசனிட்ட. என்ர அறையில, என்ர பாயில, விடிய விடியக் குறட்டை. சோத்துக்கு உப்புக் காணாதாம். தேத்தண்ணிக்குச் சாயம் கூடவாம். இன்னும் எத்தினை மாதம், பிள்ளையாரே.

பின்னேரம் குடையைப் பிடிச்சுக்கொண்டு கிடங்குக்கரையில நிண்டு தவிடு போட்டவா. வெறும் தண்ணிக்கு. பாக்கச் சகிக்காமல் போய் நிண்டன்.

"மச்சாள், அந்த வாழைப்பக்க மூலையில, சேத்துக்குள்ள தப்பின மீன் ஒண்டு ஓடுது. கண்டனீங்களே?"

"இல்லை" எண்டன்.

ரெண்டு ஓடினது.